சாட்சியின் பாடபேதம்

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பக்தி இலக்கியமாக மட்டுமின்றி, ஒரு வழக்கின் நடவடிக்கைக் குறிப்பாகவும் வாசிக்க இடமுண்டு. மணப்பந்தலுக்குள் நுழைந்த முதியவர் மணமகனைத் தம் அடிமை என்கிறார். மணமகனின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை தம்மிடம் இருப்பதாகச் சொல்கிறார். நம்பியாரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டி வழக்கை நிறுவுமாறு அவையோர் முதியவரைக் கேட்கிறார்கள். கிழிபட்டது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவர் அதை எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கிய பிறகே அவை தீர்ப்புச் சொல்கிறது.

மூலம் எது, நகல் எது, எழுதிய கை யாருடையது என்னும் மூன்று கேள்விகளும் சேக்கிழாரின் அவைக்குத் தெரிந்திருந்தன. இன்று நம் விசாரணை நீதிமன்றங்களுக்குள் பலகைக் கணினி, அதாவது டேப்லட், வழக்கறிஞரின் கைப்பொருளாக நுழைந்துகொண்டிருக்கும் வேளையில் இம்மூன்றையும், குறிப்பாக மூன்றாவதை, மீண்டும் கேட்கவேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கட்சி. நான் சட்டம் பயின்றவனல்லன், தமிழ் கற்பிப்பவன். எனினும் வழக்கென்பது பெரும்பகுதி சொல்லைப் பற்றியது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் எழுத, அதை மூன்றாமவர் வாசித்துப் பொருள்கொள்ளும் தொழிலைப் பற்றிப் பேச ஏடுகளோடு புழங்கும் துறைக்கும் சிறிது உரிமையுண்டு.

இக்கருவி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டிலேயே டிரையல்பேட் என்னும் செயலி அமெரிக்க வழக்கறிஞர்களுக்காக வெளிவந்தது. சான்றாவணங்களை வழக்குவாரியாக அடுக்கி வைக்கலாம். வேண்டிய பக்கத்தை நொடியில் எடுத்து நீதிமன்றப் பெருந்திரையில் காட்டலாம். ஒரு வரியை விரலால் தொட்டு மஞ்சள் பூசலாம். அதை மட்டும் பெயர்த்தெடுத்துப் பெரிதாக்கலாம். இரண்டு ஆவணங்களை அருகருகே நிறுத்தலாம். அதே நிறுவனத்தின் டிரான்ஸ்கிரிப்ட்பேட், சாட்சிகளின் முன்வாக்குமூலங்களை வாசித்துக் குறியிட்டுத் தொகுப்பதற்கானது. ஜூரிகளைத் தேர்வு செய்யும்போது அவர்களைப் பற்றிய குறிப்புகளை எழுதிக்கொள்ளவும் தனிச் செயலிகள் வந்தன. முன்பெல்லாம் பெரிய சட்ட நிறுவனங்கள் தொழில்நுட்பர் ஒருவரை அருகில் அமர்த்திச் செய்த வேலையைத் தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞரும் ஒரு கையால் செய்ய முடிந்தது. பெரியவனுக்கும் சிறியவனுக்கும் இடையிலிருந்த தூரத்தை ஒரு கருவி குறைக்கிறதென்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

நம் ஊரிலும் அதன் பயனை நான் மறுக்கவில்லை. என்னிடம் இளங்கலை பயின்று, பின்னர் சட்டம் படித்து, மாவட்ட நீதிமன்றமொன்றில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். முன்பு அவருடைய குமாஸ்தா இரு கைகளிலும் கட்டுகளைச் சுமந்து பின்னால் வருவார். இப்போது அத்தனை கட்டும் ஒரு பலகைக்குள் அடங்கிவிட்டன. குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்வை மகஜர், சாட்சிகளின் வாக்குமூலங்கள் யாவும் தலைப்பிட்டு வரிசையாக இருக்கின்றன. வழக்கின் பதினாறு இலக்கக் குறியீட்டைத் தட்டினால் மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் செயலி அடுத்த வாய்தா எப்போது என்று சொல்லிவிடுகிறது. அத்திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. ஆகவே, காகிதமா திரையா என்ற விவாதம் ஏறத்தாழ முடிந்துபோன ஒன்று.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. இச்செயலிகள் எந்த மாதிரியான எழுத்துக்காக உருவாக்கப்பட்டனவோ, அந்த எழுத்து நம் நீதிமன்றங்களில் இல்லை.

அமெரிக்காவில் விசாரணைக்கு முன்பே சாட்சியைச் சத்தியப் பிரமாணத்தின் மேல் வைத்து விரிவாகக் கேள்வி கேட்கிறார்கள். பயிற்சி பெற்ற பதிவாளர் கேள்வியையும் பதிலையும் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார். பக்கத்துக்கு எண், வரிக்கு எண். பின்னர் ஜூரியின் முன்னிலையில் சாட்சி மாற்றிப் பேசினால், இன்ன பக்கம், இன்ன வரி என்று திரையில் காட்டிவிடலாம். காட்டப்படுவது பெரும்பாலும் அந்த மனிதனின் சொந்தச் சொற்கள்.

இங்கே நடப்பது என்ன? சம்பவம் நடந்த பிறகு காவல்துறை அதிகாரி சாட்சியை விசாரித்து வாக்குமூலம் எழுதுகிறார். சாட்சி அதில் கையெழுத்திடுவதில்லை. இடக்கூடாது என்பதே சட்டம். சாட்சி பேசியது வட்டார வழக்கில். எழுதப்படுவது காவல் நிலையத் தமிழில். 'மேற்படி எதிரி', 'சம்பவ இடத்தில்', 'சுமார் இத்தனை மணியளவில்' என்றெல்லாம் எந்தக் கிராமத்து மனிதரும் பேசுவதில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான சாட்சிகள் அப்படித்தான் பேசியதாக நம் கட்டுகள் சொல்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அதே சாட்சி கூண்டில் ஏறுகிறார். அங்கும் அவர் பேசியது பேசியபடி பதிவாவதில்லை. சாட்சியத்தைச் சாதாரணமாகக் கேள்வி பதிலாக அன்றி விவரணையாகவே பதியவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறையில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. வழக்கறிஞர் கேட்கிறார், சாட்சி பதில் சொல்கிறார், நீதிபதி அவ்விரண்டையும் ஒரு வாக்கியமாக்கிச் சொல்ல, தட்டச்சர் பதிகிறார். 'நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றால் சரியல்ல' என்னும் அந்தப் புகழ்பெற்ற வாய்பாடு அப்படிப் பிறந்ததுதான். அதில் கேள்வி வழக்கறிஞருடையது, மறுப்பு சாட்சியுடையது, வாக்கியம் நீதிமன்றத்துடையது.

ஆக, ஒரு மனிதர் கண்ட ஒரே காட்சிக்கு நம்மிடம் இரண்டு பிரதிகள். இரண்டையும் எழுதிய கைகள் வேறு. இரண்டுமே சாட்சியின் கை அல்ல. பலகைக் கணினி இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தி, வேறுபடும் இடத்தில் மஞ்சள் பூசிக் காட்டுகிறது. பார்ப்பவருக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: இந்த ஆள் அன்று ஒன்று சொல்லி இன்று ஒன்று சொல்கிறான்.

ஏடுகளைப் பதிப்பித்த நம் முன்னோர் இந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிலேற்றுவதற்கு முன் பல ஊர்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார். பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபட்டது. அவ்வேறுபாட்டைக் கண்டதும் திருத்தக்கதேவர் மாற்றி மாற்றிப் பாடிவிட்டார் என்று எவரும் சொல்லவில்லை. ஏடெழுதியவன் எவ்வளவு கற்றவன், எந்த எழுத்தை எந்த எழுத்தாக மயங்கியிருப்பான், எங்கே வரி தப்பியிருக்கும், எங்கே தனக்குப் புரியாத சொல்லை நீக்கிப் புரிந்த சொல்லைப் போட்டிருப்பான் என்று எண்ணிப் பார்ப்பதே பதிப்பாசிரியனின் முதல் வேலை. பாடபேதம் என்பது புலவன்மேல் சாட்டும் குற்றமன்று. பிரதி கடந்துவந்த வழியின் தடம். சாட்சியின் இரண்டு வாக்குமூலங்களை ஒப்பிடுகிறவரும் இதே ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பது என் எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டை நானே புனைந்து சொல்கிறேன். நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி, 'பொழுது அடையிற நேரத்துல, மாடு கட்டிக்கிட்டிருந்தேன், அப்ப வந்தான்' என்று காவல் அதிகாரியிடம் சொல்கிறாள். அவர் அதை 'மாலை சுமார் 6.30 மணியளவில்' என்று எழுதுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டுக்கு மணி வேண்டும். மூன்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் அவள் 'நல்லா இருட்டலைங்க, விளக்கு வைக்கிற நேரம்' என்கிறாள். அது '7 மணி இருக்கும்' என்று பதிவாகிறது. குறுக்கு விசாரணையில் திரை ஒளிர்கிறது. இடப்பக்கம் 6.30, வலப்பக்கம் 7. அவள் எப்போதும் மணியைச் சொல்லவேயில்லை என்பது அந்தத் திரையில் எங்கும் இல்லை. பொழுதடைவதும் விளக்கு வைப்பதும் ஒரே வேளை என்பதை அறிந்த செவி அந்த அவையில் இருந்தால் அவள் பிழைத்தாள்.

நீதிமன்றங்கள் இதை அறியாதவை அல்ல. சிறு முரண்பாடுகள் இயல்பானவை, அவற்றை வைத்துச் சாட்சியை முற்றாகத் தள்ளிவிடக் கூடாது என்று மேல் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. காவல்துறையிடம் சொல்லாமல் விட்டது எப்போது முரண்பாடாகும் என்பதை 1959இல் தஹசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நுணுகி ஆராய்ந்தது. பின்வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கெனத் தனி விளக்கமே சேர்த்தது. விடுபட்டது முக்கியமானதா என்பதை அந்தச் சூழலை வைத்தே முடிவுசெய்யவேண்டும் என்பது அதன் சாரம். சூழல் என்பதுதான் மையச் சொல். பெரிதாக்கிக் காட்டும் வசதி முதலில் வெட்டியெறிவது சூழலைத்தான். ஒரு வரியைப் பெயர்த்தெடுத்துத் திரை நிறைய வைத்தால், அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. கட்டைப் புரட்டி வாசித்த காலத்தில் நீதிபதியின் கண் அந்தப் பக்கம் முழுவதிலும் ஒருமுறையேனும் ஓடிவந்தது. இங்கே குற்ற வழக்குகளில் ஜூரி முறை இல்லாமற்போய் அரை நூற்றாண்டு ஆகிறது. பார்க்கும் கண் பயின்ற நீதிபதியின் கண் என்பது ஆறுதல்தான். ஆனால் பயின்ற கண்ணும் மஞ்சளைத்தான் முதலில் பார்க்கும்.

தேடல் வசதியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்திருக்கும் வாசக நண்பர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' கிடைக்காது. புணர்ச்சியும் வேற்றுமையும் சொல்லின் உருவை மாற்றிவிடுகின்றன. வழக்குக் கட்டில் இது விளையாட்டன்று. 'அரிவாள்' என்று தேடுகிறவருக்கு, சாட்சி சொல்லி அப்படியே பதிவாகிவிட்ட 'அருவா' அகப்படாது. 'கத்தி' என்று தேடினால் 'கத்தினாள்' என்பதும் வந்து நிற்கும். பழைய கோப்புகள் பல, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சானவை. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதே 2010இல்தான். கையால் எழுதிய வாக்குமூலத்தின் ஒளிநகலோ கணினிக்கு வெறும் படம். 'தேடினேன், கட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லை' என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால், செயலிக்கு அகப்படவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். சொல்லடைவு நூலை வாசித்ததற்கு ஈடாகாது என்பதை நம் துறையில் முதலாண்டு மாணவருக்கே சொல்லிக்கொடுக்கிறோம்.

இப்போது இன்னொரு படி ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கட்டு முழுவதையும் விழுங்கி, முரண்பாடுகளைத் தாமே பட்டியலிட்டுத் தருகின்றன. சாட்சி பேசும்போதே பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை விசாரணை நீதிமன்றங்களில் பயன்படுத்தும்படி கேரள உயர் நீதிமன்றம் 2025இல் பணித்தது. இது நல்ல திசை என்றே நினைக்கிறேன். கேள்வியும் பதிலும் உருமாறாமல் நிற்க வழி பிறக்கிறது. ஆனால் மென்பொருளும் ஏடெழுதுவோனே. அதற்குப் பழக்கமில்லாத வட்டாரச் சொல் வந்தால் பழக்கமான சொல்லைப் போட்டு நிரப்பும். பழைய ஏட்டில் நாம் கண்ட அதே பிழை, மின்னல் வேகத்தில்.

என் நண்பர் இதற்கெல்லாம் ஒரு மறுப்பு சொன்னார். அதைத் தட்டிவிட முடியாது. 'ஐயா, நீங்கள் சாட்சியை மட்டும் பார்க்கிறீர்கள். கூண்டில் நிற்கும் எதிரியும் ஒரு மனிதன்தானே? பொய்ச் சாட்சியைத் தயார்செய்து கொண்டுவருவதும் இதே ஊரில்தான் நடக்கிறது. அவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் முரண்பாடு. அதைப் பளிச்சென்று காட்டாமல் மறைத்தா வைப்பது?' என்றார். உண்மைதான். ஒப்புநோக்கும் கருவி இல்லாதிருந்தால் சிறைக்குப் போயிருக்கக்கூடிய குற்றமற்றவர்களும் உண்டு. ஆகவே மஞ்சளை அழிக்கச் சொல்வது என் தீர்வல்ல. ஒப்பிடப்படும் இரண்டு பிரதிகளும் சாட்சியின் சொல்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை உறுதிசெய்யுங்கள் என்கிறேன். அப்படிச் செய்தால் பொய்ச் சாட்சிக்கும் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. 'போலீஸ் அப்படி எழுதிக்கிட்டாங்க' என்ற சாக்கும் அவருக்குக் கிடைக்காது.

இதற்குப் புதிய சட்டமொன்றும் தேவையில்லை. சாட்சியின் வாக்குமூலத்தை ஒலி, ஒளிப் பதிவாகவும் எடுக்கலாம் என்று 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தமே இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அவ்வசதி தொடர்கிறது. 'எடுக்கலாம்' என்பதை 'எடுக்கவேண்டும்' என்று வழக்கமாக்கிக்கொள்வது ஒன்றுதான் மீதி. இன்று காவலர் கையிலும் கைபேசி இருக்கிறது. சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பொருளைக் கைப்பற்றுவதற்குக் காட்டும் அக்கறையைச் சொல்லைக் கைப்பற்றுவதற்கும் காட்டலாமே. அந்தப் பெண்ணின் குரலில் 'பொழுது அடையிற நேரத்துல' என்ற தொடர் பதிவாகியிருந்தால், அதுவே மூலவோலை. அதிகாரி எழுதிய 6.30 வெறும் படியோலை.

மின்னணு ஆவணங்களைப் பொறுத்தவரை நம் சட்டம் மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேற்றுமையை நன்றாகவே பேணுகிறது. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக்க உரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2014இலும் 2020இலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி நிரூபித்தால் அச்சான்றிதழ் வேண்டியதில்லை என்றும், அக்கருவி மடிக்கணினியாகவோ பலகைக் கணினியாகவோ கைபேசியாகவோ இருக்கலாம் என்றும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது. புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவமோ, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்கோவையைக் குறிப்பிடச் சொல்கிறது. ஒரு கோப்பு மாறவில்லை என்பதற்கு இத்தனை காவல். ஒரு மனிதரின் பேச்சு, எழுத்தாகும்போது மாறவில்லை என்பதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஏறத்தாழ என்றேன்; ஏனெனில் ஒன்று இருக்கிறது. பதிவான சாட்சியத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டித் திருத்த இடம் தரவேண்டும் என்பது பழைய விதி. வேலை மிகுந்த நீதிமன்றத்தில் அது எளிதில் சடங்காகிவிடக்கூடியது. பலகைக் கணினிக்கு மிகத் தகுந்த வேலை இங்கேதான் இருக்கிறது என்பேன். தட்டச்சாகும்போதே அந்த எழுத்து சாட்சியின் முன்னாலும் ஒரு திரையில் ஓடட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது வாசித்துக் காட்டட்டும். குறுக்கு விசாரணையில் ஒரு வரியைப் பெரிதாக்கும் வழக்கறிஞர், முதலில் பக்கம் முழுவதையும் காட்டிய பிறகே அவ்வரிக்குப் போகட்டும். எதிர்த்தரப்புக் கையிலும் அதே பக்கம் இருக்கட்டும்; ஒரு தரப்பிடம் திரையும் மறுதரப்பிடம் மங்கிய ஒளிநகலும் இருப்பது சமமான போட்டியாகாது. இவை பெரிய செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. திரையை யார் பக்கம் திருப்புகிறோம் என்பது மட்டுமே கேள்வி.

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை தொழிலால் முனிசீப்பாக இருந்தவர். உயர்மன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்று தமிழில் பெயர்த்துத் தந்ததும் அவரே. வழக்கு யாருடையதோ அவருக்கே அதன் மொழி விளங்காமற்போகும் அவலம் அவரை விடாமல் உறுத்தியிருக்கிறது. இன்று நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. எனினும் சொன்ன தமிழுக்கும் எழுதிய தமிழுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படியே இருக்கிறது. அத்தூரத்தைக் குறைக்கக்கூடிய கருவி முதன்முறையாக நம் கைக்கு வந்திருக்கிறது. அதை முரண்பாடு தேடுவதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, சொன்னது சொன்னபடி நிற்பதற்குப் பயன்படுத்தாமல் விட்டோமானால், கூண்டில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு நாம் வாங்கித் தந்தது இன்னும் தெளிவான ஒரு படியோலைதான்.